குரலைச் சுருதிக்கு இழுக்கும் மென்பொருள்: பதிவறைக்கு எது, நோம்பி மேடைக்கு எது?

மாசி, பங்குனியில் நோம்பி (ஊர்க் கோயில் திருவிழா) சாட்டிவிட்டால் கொங்குப் பக்கம் ஊருக்கு ஊர் மேடை போடுவார்கள். பாட்டுக் கச்சேரியோ வள்ளி கும்மியோ முடிந்த மறுநாளே வீடியோ கைபேசிகளில் சுற்றத் தொடங்கும். கூடவே வழக்கமான வாக்குவாதமும் தொடங்கும். "இது ஆட்டோட்யூன், சொந்தக் குரலே இல்லை" என்பார் ஒருவர். "நேரில் பாடும்போது ஆட்டோட்யூன் எப்படிப் போடுவார்கள்? டிராக் ஓட்டுகிறார்கள்" என்பார் இன்னொருவர். வீட்டில் ஓர் அறையை ஒதுக்கிப் பக்திப் பாடல் பதிவுசெய்பவர்கள், ஆர்கெஸ்ட்ரா நடத்துபவர்கள், மைக் செட் வைத்திருப்பவர்கள் ஆகியோருக்கு இருக்கும் கேள்வி வேறு: குரலின் சுருதியைத் திருத்தும் இந்த மென்பொருள்களில் எதை வாங்குவது?

இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. பாடகர் பிடித்த ஸ்வரம் சற்று விலகிவிட்டது. அதை எந்த ஸ்வரத்துக்கு நகர்த்துவது என்று முடிவு செய்வது மனிதரா, மென்பொருளா? அந்த முடிவை எடுக்க எவ்வளவு நேரம் இருக்கிறது? விளம்பரங்கள் இந்த இரண்டையும் பேசுவதில்லை. ஆனால் வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டியவை இவைதான்.

## நான்கு வேலைகள், ஒரே பெயர்

எல்லாவற்றையும் "ஆட்டோட்யூன்" என்று சொல்லிவிடுவதால்தான் குழப்பம். அப்படிச் சொல்லப்படுவது இந்த நான்கில் ஏதோ ஒன்று.

1. டிராக் ஓட்டுவது. குரலும் இசையும் சேர்ந்த பழைய பதிவு ஸ்பீக்கரில் ஓடும். மேடையில் வாயசைப்பு மட்டும்.

2. மைனஸ் ஒன். குரல் இல்லாத இசை மட்டும் ஓடும், பாடுவது நேரில். கரோக்கி என்பதும் இதுவே.

3. சுருதித் திருத்தம். பாடகர் உண்மையாகவே பாடுகிறார். குரலின் நிறம், உச்சரிப்பு, தாளம், மூச்சு எல்லாம் அவருடையவை. ஸ்வரத்தின் உயரத்தை மட்டும் கருவி நகர்த்துகிறது.

4. குரல் மாற்றம். செயற்கை நுண்ணறிவு கொண்டு ஒருவர் பாடியதை வேறொருவர் குரலாக ஆக்குவது. இதற்கும் சுருதித் திருத்தத்துக்கும் சம்பந்தம் குறைவு. இங்கே அதை விட்டுவிடலாம்.

வீடியோ பார்த்தே ஓரளவு பிரித்தறியலாம். பாடகர் முகத்தை மைக்கிலிருந்து விலக்கியும் குரலின் அளவு குறையவில்லை என்றால் அது டிராக். அளவு குறைகிறது, ஆனால் ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்க வேண்டிய இடங்களில் படிக்கட்டு ஏறுவதுபோல் கேட்கிறது என்றால், அது பெரும்பாலும் திருத்தம். நன்றாகச் செய்யப்பட்ட திருத்தத்தைக் காதால் கண்டுபிடிப்பது கடினம்.

ஆட்டோ-ட்யூன் என்பது ஒரு நிறுவனத்தின் வணிகப்பெயர். ஆன்டாரஸ் நிறுவனம் 1997இல் அதை வெளியிட்டது. உருவாக்கிய ஆண்டி ஹில்டிபிராண்ட் அதற்கு முன் எண்ணெய் வளம் தேடும் துறையில் இருந்தவர். நிலத்துக்குள் அனுப்பிய அதிர்வுகள் திரும்பி வருவதைக் கணக்கிட்டு அடியில் என்ன இருக்கிறது என்று கண்டறியும் வேலை. அங்கே கைவந்த கணிதம் குரலின் ஸ்வரத்தைக் கண்டறியவும் உதவியது. 1998இல் பாடகி ஷெர் வெளியிட்ட ஒரு பாட்டில் இந்தக் கருவியை வேண்டுமென்றே முழு வேகத்தில் வைத்து, குரலை உலோகம்போல் ஒலிக்கச் செய்தார்கள். மறைந்து வேலை செய்ய வந்த கருவி ஊரறிந்தது அந்தப் பாட்டினால்தான். இன்று பலர் "ஆட்டோட்யூன்" என்று நினைப்பது அந்த விளைவைத்தான். அது இந்தக் கருவியின் ஒரு கடைக்கோடி மட்டுமே.

## கட்டை, ஹெர்ட்ஸ், சென்ட்

நம் பாடகர்கள் சுருதியைக் கட்டையில் சொல்வார்கள். மென்பொருள் கேட்பது கீபோர்டின் எழுத்தை. ஆகவே முதல் தவறு பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது. 1 கட்டை என்றால் சி, 2 கட்டை டி, 3 இ, 4 எஃப், 5 ஜி, 6 ஏ, 7 பி. அரைக்கட்டைகள் இடையில் உள்ள கறுப்புக் கட்டைகள்: 1½ என்றால் சி ஷார்ப், 2½ டி ஷார்ப், 4½ எஃப் ஷார்ப், 5½ ஜி ஷார்ப், 6½ ஏ ஷார்ப். கீபோர்டுக்காரர் டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்தியிருந்தால், அவர் விரல் தொடும் கட்டை வேறு, ஒலிக்கும் சுருதி வேறு. மென்பொருளுக்குச் சொல்ல வேண்டியது ஒலிக்கும் சுருதியை.

ஸ்வரத்தின் உயரம் ஹெர்ட்ஸில் அளக்கப்படும். நொடிக்கு எத்தனை அதிர்வு என்பது அதன் பொருள். உலகெங்கும் கீபோர்டுகள் ஏ என்ற ஸ்வரத்தை 440 ஹெர்ட்ஸில் வைத்துச் சுருதி சேர்க்கப்படுகின்றன. அந்தக் கணக்கில் 5½ கட்டையில் பாடும் பெண்ணின் மத்திய ஸ்தாயி ஷட்ஜம் 207.65 ஹெர்ட்ஸ். 1 கட்டையில் பாடும் ஆணின் ஷட்ஜம் 130.81 ஹெர்ட்ஸ்.

கறுப்புக் கட்டைகளையும் சேர்த்து எண்ணி, கீபோர்டில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடையிலான தூரத்தை 100 பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு சென்ட். ஒரு ஸ்தாயிக்கு 1200 சென்ட். "சுருதி கொஞ்சம் விலகுது" என்று காது சொல்வதை மென்பொருள் "20 சென்ட் இறக்கம்" என்று எழுதிக் காட்டும். இங்கே நினைவில் வைக்க வேண்டிய எண் 50. பாடகர் 50 சென்ட் விலகினால் அவர் இரண்டு கட்டைகளுக்குச் சரி நடுவில் நிற்கிறார். அதற்கு இந்தப் பக்கம் இருக்கும்வரை மென்பொருள் அவரைச் சரியான ஸ்வரத்துக்குத் திருப்பும். ஒரு சென்ட் தாண்டினாலும் அடுத்த ஸ்வரத்துக்குத் தள்ளிவிடும். சிறு பிசகு பெரிய அபஸ்வரமாவது இப்படித்தான்.

## உள்ளே நடப்பது

தானியங்கித் திருத்தம் மூன்று வேலைகளை இடைவிடாமல் செய்கிறது. முதலில், குரல் அலையை அதனோடேயே சற்றுத் தள்ளி ஒப்பிட்டு, எத்தனை மில்லிநொடிக்கு ஒருமுறை அதே வடிவம் திரும்பி வருகிறது என்று பார்த்து ஸ்வரத்தைக் கண்டறிகிறது. பிறகு, நாம் குறித்துக்கொடுத்த ஸ்வர வரிசையில் மிக அருகில் இருப்பதைத் தேர்கிறது. கடைசியாக, குரலை அங்கே இழுக்கிறது.

இழுக்கும் வேகத்துக்கு ஒரு திருகு உண்டு. ஆட்டோ-ட்யூனில் அது 0 முதல் 400 மில்லிநொடி வரை. காளையின் மூக்கணாங்கயிற்றை ஒட்டிப் பிடிப்பதற்கும் தளரவிட்டு நடத்துவதற்கும் உள்ள வித்தியாசம்தான். 0 என்றால் குரல் அசையவே முடியாது. ஷெர் பாட்டின் உலோக ஒலி அதனால் வந்தது. 20 முதல் 50 வரை வைத்தால் நீண்ட ஸ்வரங்கள் மெதுவாகச் சரியாகும். வேகமாகக் கடக்கும் ஸ்வரங்கள் பெரும்பாலும் தப்பிக்கும்.

இன்னொரு சொல் அடிக்கடி வரும்: ஃபார்மன்ட். வாய், தொண்டை, மூக்கு ஆகியவற்றின் அமைப்பால் குரலில் சில அதிர்வெண்கள் மேலோங்கி ஒலிக்கும். ஒருவர் குரலை அவர் குரலாக அடையாளம் காட்டுவதும் 'ஆ'வையும் 'ஈ'யையும் பிரிப்பதும் அவைதான். ஸ்வரத்தை நகர்த்தும்போது ஃபார்மன்டும் சேர்ந்து நகர்ந்தால் குரல் குழந்தைக் குரலாகவோ பூதக் குரலாகவோ மாறும். 20, 30 சென்ட் நகர்த்தலில் இது தெரியாது. இரண்டு மூன்று கட்டை நகர்த்தும்போது ஃபார்மன்டைக் காக்கும் வசதி இல்லாத மென்பொருள் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டாவது வகை வேறு விதம். பாட்டு முழுவதையும் முதலில் படித்துவிட்டு, ஒவ்வொரு ஸ்வரத்தையும் திரையில் ஒரு திட்டாக வரைந்து காட்டும். எதை எங்கே நகர்த்துவது என்பதைப் பதிவுக் கலைஞர் கையால் முடிவு செய்வார். இதில் பெயர் பெற்றது மெலோடைன். ஜெர்மனியின் மியூனிக்கைச் சேர்ந்த செலமனி நிறுவனம் 2001இல் இதை வெளியே காட்டியது. பின்னால் 2009இல், ஒரே பதிவில் சேர்ந்து ஒலிக்கும் பல ஸ்வரங்களைத் தனித்தனியே பிரித்து நகர்த்தும் வசதியும் வந்தது. பாட்டை முன்கூட்டியே படித்தாக வேண்டும் என்பதால் இந்த வகையை நேரடி மேடையில் பயன்படுத்த முடியாது. "மெலோடைனை மேடையில் போட்டோம்" என்று யாராவது சொன்னால், அவர் வேறு எதையோ சொல்கிறார்.

## கமகத்தை என்ன செய்யும்

இந்தக் கருவிகள் பிறந்த இசையில் ஸ்வரம் பெரும்பாலும் ஓரிடத்தில் நிற்கும். நம் இசையில் பாதி அழகு அது நிற்காமல் அசைவதில்தான். அந்த அசைவுதான் கமகம். தோடியின் காந்தாரத்தைப் பாருங்கள்: கீழும் மேலும் இருக்கும் ஸ்வரங்களைத் தொட்டு அசைவதே அதன் உருவம். தானியங்கித் திருத்தத்தின் கண்ணில் அந்த அசைவு முழுவதும் பிழை. ஒவ்வொரு முறை 50 சென்ட் எல்லையைத் தாண்டும்போதும் அது இலக்கை மாற்றும். அசைவு உடைந்து இரண்டு மூன்று படிகளாகிவிடும். பிருகா எனும் வேகமான ஸ்வரச் சுழல்களிலும் இதே கதி. குரல் விட்டுவிட்டு உடைவதுபோல் கேட்கும்.

இதைவிட நுட்பமான ஒரு சிக்கல் உண்டு. அதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. தம்புராவின் ஷட்ஜத் தந்தியைக் கூர்ந்து கேட்டால் அதற்குள்ளேயே அந்தர காந்தாரம் ஒலிக்கும். அது அந்தத் தந்தியின் அடிப்படை அதிர்வைப்போல் ஐந்து மடங்கு வேகமான மேலதிர்வு. அந்த இயல்பான காந்தாரம் ஷட்ஜத்திலிருந்து 386 சென்ட் தொலைவில் இருக்கிறது. கீபோர்டின் காந்தாரமோ 400 சென்ட். பயிற்சி பெற்ற பாடகர் தம்புராவைக் கேட்டுக்கொண்டே பாடினால் 386க்கு அருகில் நிற்பார். மென்பொருள் அவரை 14 சென்ட் மேலே தூக்கிவிடும். சரியாகப் பாடியவரைத் தவறாக்கி, அதற்குத் திருத்தம் என்று பெயரும் வைத்துக்கொள்ளும். பஞ்சமத்தில் இந்த வித்தியாசம் 2 சென்ட்தான் என்பதால் அங்கே தொல்லை இல்லை. ஸ்வர அளவை நாமே அமைத்துக்கொள்ளும் வசதி சில மென்பொருள்களில் இருக்கிறது. மெலோடைனின் எடிட்டர் பதிப்பு அவற்றில் ஒன்று. தம்புராவோடு பாடும் கச்சேரியைப் பதிவு செய்பவர்களுக்கு அது தேவை. கீபோர்டோடு பாடும் பக்திப் பாட்டுக்கு, கிடாரும் கீபோர்டும் 400இல் நிற்கும்போது குரல் மட்டும் 386இல் நின்றால் அதுதான் உறுத்தும். அங்கே இந்த வசதி தேவையில்லை.

ராகத்தின் ஸ்வரங்களை மட்டும் விட்டு மற்றவற்றை அணைத்துவிட்டால் போதுமே என்று தோன்றும். 5½ கட்டையில் மோகனம் என்றால் ஜி ஷார்ப், ஏ ஷார்ப், சி, டி ஷார்ப், எஃப் ஆகிய ஐந்தும்தான். நிற்கும் ஸ்வரங்களுக்கு இது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் சினிமாப் பாட்டில் இரண்டாவது சரணத்தில் எங்கோ ஓர் அந்நிய ஸ்வரம் எட்டிப்பார்க்கும். இசையமைப்பாளர் யோசித்து வைத்த அந்த ஸ்வரத்தை மென்பொருள் பக்கத்து ஸ்வரமாக மாற்றிவிடும். பாட்டை முழுதாகக் கேட்டு, வரும் ஸ்வரம் அனைத்தையும் குறித்துவிட்டுத்தான் மற்றவற்றை அணைக்க வேண்டும்.

## பதிவறையில்

சிங்காநல்லூர் சென்ட்ரல் ஸ்டூடியோவிலும் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸிலும் படமெடுத்த காலத்தில் திருத்தம் என்றால் மறுபடி பாடுவது. இன்றும் அதுவே மலிவான, தரமான திருத்தம். ஒரு வரியை நான்கைந்து முறை பாடவைத்து நல்லதை எடுத்துச் சேர்த்தால், மென்பொருளுக்கு மிஞ்சும் வேலை சில ஸ்வரங்கள்தான்.

பதிவறையில் நேரம் நம் கையில் இருக்கிறது. எனவே முடிவும் நம் கையில் இருக்க வேண்டும்: இங்கே திட்டு வகைதான் சரி, தானியங்கி வகை இல்லை. மெலோடைனில் ஒரு திட்டை நகர்த்தினால் அதன் மையம் நகரும். உள்ளே இருக்கும் அசைவு அப்படியே கூடவே போகும். கமகம் சாகாமல் ஸ்வரம் மட்டும் இடம் மாறுவது இதனால்தான் முடிகிறது. ஆனால் ஒரு எச்சரிக்கை. பெரிய அசைவு கொண்ட ஸ்வரத்தை மென்பொருள் இரண்டு மூன்று திட்டுகளாக வெட்டிவைத்திருக்கும். நகர்த்துவதற்கு முன் அந்த வெட்டுகளைச் சேர்த்து ஒன்றாக்க வேண்டும். இதைச் செய்யாமல் "எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் சரிசெய்" பொத்தானை அழுத்துபவர்கள்தான் "மெலோடைன் நம்ம பாட்டுக்கு ஒத்துவராது" என்கிறார்கள்.

மெலோடைனில் நான்கு படிகள் உண்டு. எசென்ஷியல் பதிப்பில் ஸ்வரத்தின் மையத்தையும் நேரத்தையும் நகர்த்தலாம். அசிஸ்டன்ட் பதிப்பில் அசைவின் அளவையும் ஸ்வரம் மெல்லச் சரிவதையும் தனித்தனியே தொடலாம். தமிழ்ப் பாட்டுக்கு உண்மையில் தேவைப்படும் படி இதுதான். எடிட்டரில் பல ஸ்வரங்களைப் பிரிப்பதும் ஸ்வர அளவை அமைப்பதும் சேரும். ஸ்டூடியோ பதிப்பு பல டிராக்குகளை ஒன்றாகப் பார்க்க உதவும். ஒரு குரலும் இரண்டு கோரஸும் பதிவு செய்பவருக்கு அது அதிகம்.

வாங்கும் முன், கையில் இருக்கும் பதிவு மென்பொருளிலேயே திருத்தும் கருவி இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. லாஜிக் ப்ரோவில் ஃப்ளெக்ஸ் பிட்ச் உள்ளேயே இருக்கிறது. ஆனால் லாஜிக் விண்டோஸ் கணினியில் ஓடாது. கியூபேஸ் ப்ரோவில் வேரிஆடியோ இருக்கிறது. எஃப்எல் ஸ்டூடியோவின் மேல்நிலைப் பதிப்புகளில் நியூட்டோன் இருக்கிறது. ரீப்பரில் ரீட்யூன் இருக்கிறது. எளிமையானது, ஆனால் கையால் திருத்தும் வழி அதிலும் உண்டு. வாரத்துக்கு ஒரு பாட்டு பதிவு செய்பவருக்கு ஃப்ளெக்ஸ் பிட்ச்சோ வேரிஆடியோவோ போதும். தனியாக மெலோடைன் வாங்கச் சொல்வது, தினமும் குரல் திருத்துபவருக்கு மட்டும்.

எந்த மென்பொருளானாலும் திருத்தத்துக்கு முன் குரலில் எதிரொலி கலந்திருக்கக் கூடாது. கலந்துவிட்டால் போன ஸ்வரத்தின் வாலும் இந்த ஸ்வரத்தின் தலையும் ஒன்றாக ஒலிக்கும். கருவிக்கு எது ஸ்வரம் என்றே தெரியாது. தகரக் கூரை போட்ட அறையில் பதிவு செய்துவிட்டு மென்பொருளைக் குறை சொல்வதில் பயனில்லை. திருத்தம் முதலில், எதிரொலி கடைசியில்.

## மேடையில்: மில்லிநொடிக் கணக்கு

மேடையில் முடிவை இயந்திரமே எடுக்கிறது, அதுவும் கண்ணிமைக்கும் நேரத்துக்குள். அந்த நேரம் எங்கே போகிறது என்று கூட்டிப் பார்ப்போம்.

1. கண்டறிதல். ஓர் அலை திரும்பி வந்தால்தான் ஸ்வரம் தெரியும். 207 ஹெர்ட்ஸில் ஓர் அலை 4.8 மில்லிநொடி. 1 கட்டையில் பாடும் ஆண் குரல் மந்திர ஸ்தாயிப் (கீழ் ஸ்தாயி) பஞ்சமத்துக்கு, 98 ஹெர்ட்ஸுக்கு இறங்கினால் ஓர் அலைக்கே 10 மில்லிநொடி ஆகிறது. எத்தனை வேகமான கணினி வாங்கினாலும் இது குறையாது. இயற்பியல் போட்ட எல்லை. பெண் குரலில் மேடைத் திருத்தம் சுத்தமாகவும் கனத்த ஆண் குரலில் தடுமாறுவதாகவும் தோன்றுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

2. கணினியின் தாங்கல் (பஃபர்). ஒலியைத் துண்டு துண்டாகச் சேர்த்துத்தான் கணினி கையாளும். நொடிக்கு 48,000 மாதிரி (சாம்பிள்) என்ற வேகத்தில் 64 மாதிரித் துண்டு என்றால் 1.3 மில்லிநொடி, 128 என்றால் 2.7, 256 என்றால் 5.3; 512 என்றால் 10.7. உள்ளே வர ஒரு முறை, வெளியே போக ஒரு முறை என்று இரட்டிப்பாக்க வேண்டும்.

3. ஒலியை எண்ணாக்கி மறுபடி ஒலியாக்கும் கருவி, டிஜிட்டல் மிக்சர். இவை சேர்ந்து இன்னும் சில மில்லிநொடி.

4. காற்று. நம் ஊர் வெயிலில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர் போகும். ஒரு மீட்டர் தள்ளி, பாடகரைப் பார்த்து வைத்திருக்கும் மானிட்டர் ஸ்பீக்கரிலிருந்து காதுக்கு வர 3 மில்லிநொடி.

எல்லாம் சேர்ந்து 10 மில்லிநொடியைத் தாண்டினால் பாடகர் சங்கடப்படத் தொடங்குவார். தன் குரல் அவருக்கு மண்டை எலும்பு வழியாக உடனே கேட்கிறது; அதே குரல் மானிட்டரில் தாமதமாக வந்து மோதும்போது குழாய்க்குள் பாடுவதுபோல் இருக்கும். காதுக்குள் மாட்டும் இயர்பீஸில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். அந்தக் குழப்பத்தில் சுருதி விலகும். விலகியதை மென்பொருள் இழுக்கும். மானிட்டரில் வருவது தான் பாடியது இல்லை என்பதால் பாடகர் இன்னும் குழம்புவார்.

இதற்குத் தீர்வு உண்டு, செலவும் இல்லை. திருத்திய குரலை மக்கள் பக்கம் இருக்கும் ஸ்பீக்கருக்கு மட்டும் அனுப்புவது. பாடகரின் மானிட்டருக்குத் திருத்தாத குரலைக் கொடுப்பது. இருபது மீட்டர் தள்ளி நிற்பவருக்குக் குரல் 10 மில்லிநொடி பிந்துவது தெரியவே தெரியாது. காற்றில் வருவதற்கே அதைப்போல ஐந்தாறு மடங்கு நேரம் ஆகிறது. ஒரே ஆபத்து: மென்பொருளில் சுருதி தவறாகக் குறிக்கப்பட்டிருந்தால் ஊரே அபஸ்வரம் கேட்கும், பாடகருக்கு மட்டும் தெரியாது. ஆகவே மிக்சரில் இருப்பவர் ஒவ்வொரு பாட்டின் முதல் வரியையும் காது கொடுத்துக் கேட்டாக வேண்டும்.

மேடைக்கான பொருள்கள் மூன்று விதம். ஆட்டோ-ட்யூன் வரிசையில் தாமதம் குறைந்த பதிப்புகளும் வேவ்ஸ் ட்யூன் ரியல்-டைமும் மடிக்கணினியிலோ டிஜிட்டல் மிக்சரோடு இணைந்த கணினியிலோ ஓடும். டிசி-ஹெலிகான், பாஸ் போன்றவற்றின் குரல் பெட்டிகள் காலால் அழுத்தும் பொத்தானோடு வரும். உள்ளே திருத்தம் ஒரு வசதியாக இருக்கும். மூன்றாவது, எம்ஆட்டோபிட்ச், ஜிஸ்னாப், கிரெய்லனின் இலவசப் பதிப்பு போன்ற காசில்லாத மென்பொருள்கள். பழகிப் பார்க்கவும் பதிவறைச் சோதனைக்கும் நல்லவை, ஆயிரம் பேர் முன் நம்பி இறங்க வேண்டாம்.

ஊர் மேடைக்கு நான் பெட்டியைத்தான் சொல்வேன். ஜெனரேட்டர் மாற்றும்போது மின்சாரம் ஒரு நொடி போய்வரும். பெட்டி உடனே எழுந்துவிடும், மடிக்கணினியோடு இணைந்த ஒலிக் கருவியை மறுபடி அறிமுகப்படுத்த வேண்டியிருக்கும். பாட்டுகளுக்கு இடையே தொகுப்பாளர் அதே மைக்கில் "அடுத்ததாக..." என்று பேச ஆரம்பித்தால் பேச்சும் ஸ்வரமாகி ஊர் சிரிக்கும், காலால் அணைக்கும் பொத்தான் இருந்தால் பாடகரே அணைத்துக்கொள்வார்.

அதற்கும் முன்னால் ஒன்று. "மானிட்டர்ல என்ற குரலே கேக்கலீங்கண்ணா, கொஞ்சம் ஏத்துங்க" என்று பாடகர் மிக்சரைப் பார்த்துக் கெஞ்சாத கச்சேரி நம் பக்கம் அபூர்வம். சுருதி விலகுவதற்குப் பாதிக் காரணம் அங்கேதான் இருக்கிறது. தன் குரலும் கீபோர்டும் தெளிவாகக் கேட்டால் பாதித் திருத்தம் தேவைப்படாது. மென்பொருளுக்கு வைத்த பணத்தை முதலில் ஒரு நல்ல மானிட்டருக்குப் போடுங்கள்.

## கும்மியும் உடுக்கையும்

வள்ளி கும்மியில் ஆசிரியர் மைக்கில் பாடுவார், நூற்றுக்கணக்கானவர்கள் சுற்றி ஆடுவார்கள். பல இடங்களில் சுருதிப் பெட்டி இருக்காது. நடை ஏற ஏறப் பாட்டின் சுருதியும் மெல்ல ஏறும். அரை மணியில் முக்கால் கட்டை ஏறினாலும் எல்லோரும் சேர்ந்து ஏறுவதால் கேட்பவருக்கு உறுத்தாது. இந்தக் குரலில் நிலையான சுருதி வைத்த மென்பொருளைப் போட்டால் என்ன ஆகும்? 50 சென்ட் ஏறும்வரை ஆசிரியரைக் கீழே இழுக்கும். 50ஐத் தாண்டியதும் திடீரென்று மேலே தூக்கும். இடையில் 45க்கும் 55க்கும் நடுவே பாடும் வரிகள் இரண்டுக்கும் நடுவே தத்தளிக்கும். பின்பாட்டுப் பாடுபவர்கள் திருத்தாத குரலில் ஒரு சுருதியிலும் ஆசிரியர் வேறு சுருதியிலும் ஒலிப்பார்கள். கும்மிக்குத் திருத்தம் வேண்டாம். சுருதி ஏறக் கூடாது என்றால் ஒரு சுருதிப் பெட்டியை ஆசிரியர் காதருகே வைத்தால் போதும்.

கொங்கு நாட்டுக் கதைப்பாடலான அண்ணன்மார் கதையைப் பாடும் உடுக்கைப் பாட்டில் வேறொரு தடை. உடுக்கையின் நடுக்கயிற்றை அழுத்தினால் அதன் ஒலி வளைந்து ஏறும். இடையிடையே பாடும் ஆண் குரலின் எல்லைக்குள்ளேயே அது விழும். பாடகரின் கையிலிருக்கும் உடுக்கை மைக்குக்குள் சேர்ந்தே வருகிறது. ஒரே நேரத்தில் இரண்டு ஸ்வரம் வந்தால் தானியங்கிக் கருவி எதைப் பின்தொடர்வது என்று திகைக்கும். பம்பை, தவில் அருகில் இருக்கும் மைக்குகளிலும் இதே தொல்லை. ஒரு குரலுக்கு ஒரு மைக், வாய்க்கு மிக அருகில் என்றால்தான் இந்தக் கருவிகள் வேலை செய்யும்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. 1960களில் கனடாவைச் சேர்ந்த மானிடவியலாளர் பிரெண்டா பெக் காங்கேயம் வட்டாரத்தில் தங்கி அண்ணன்மார் கதையை நாடாவில் பதிவு செய்தார். திருத்தும் கருவியே இல்லாத காலம். பாடகர் எங்கே நின்றாரோ அங்கேதான் நாடாவிலும் நிற்கிறார். இன்று ஒருவர் அதே கதையைப் பதிவுசெய்து 12 ஸ்வரங்களுக்குள் தள்ளிவிட்டால், கொங்குக் கதைப்பாடகர்கள் ஸ்வரத்தை எப்படிக் கையாண்டார்கள் என்று பின்னால் ஆராய வருபவருக்கு எதுவும் மிஞ்சாது. வெளியிடும் பதிப்பைத் திருத்துவது உங்கள் விருப்பம். திருத்தாத மூலப் பதிவைத் தனியே வைத்துக்கொள்வதை மட்டும் விடவே கூடாது.

பாட்டுப் போட்டிகளுக்கு ஒரு விதி போதும்: மிக்சரில் எந்தத் திருத்தக் கருவியும் இணைக்கப்படக் கூடாது. நடுவர்கள் மதிப்பெண் கொடுக்கவேண்டிய முக்கியத் தகுதிகளில் ஒன்று சுருதி. அதை இயந்திரம் பாடினால் மதிப்பெண் யாருக்கு? கச்சேரிக்கு அந்தக் கண்டிப்பு தேவையில்லை. எதிரொலி சேர்ப்பதை ஏற்றுக்கொண்ட நாம் அளவான திருத்தத்தையும் ஏற்கலாம்.

## வாங்கும் முன்

சோதனைப் பதிப்பு இல்லாமல் எதையும் வாங்க வேண்டாம். மெலோடைனை 30 நாளும் ஆட்டோ-ட்யூனை 14 நாளும் காசில்லாமல் ஓட்டிப் பார்க்கலாம். அந்த நாள்களில் செய்ய வேண்டிய சோதனைகள்:

1. உங்கள் பாடகரின் குரலில், உங்கள் அறையில் எடுத்த பதிவைக் கொடுங்கள். விளம்பர வீடியோவில் வரும் குரலும் பாட்டும் உங்களுடையவை அல்ல.

2. ஒரே பாட்டில் நீண்ட ஸ்வரம், வேகமான பிருகா, மந்திர ஸ்தாயி வரி மூன்றும் இருக்கட்டும். மூன்றில் ஒன்று உடைந்தாலும் அமைப்புகளை மாற்றிப் பாருங்கள். அப்போதும் உடைந்தால் அடுத்த மென்பொருள்.

3. பழைய பாட்டின் மைனஸ் ஒன்னோடு பாடவைத்துப் பாருங்கள். நாடாவிலிருந்தும் இசைத்தட்டிலிருந்தும் எடுத்த பதிவுகள் பல 440க்குச் சரியாக நிற்காது. 20, 30 சென்ட் தள்ளி இருக்கும். அடிப்படைச் சுருதியை அந்த அளவுக்கு நகர்த்தும் வசதி மென்பொருளில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் இசை ஓரிடம், குரல் ஓரிடம்.

4. மேடைக்கு என்றால், தாங்கலை 64இலும் 128இலும் வைத்து ஒரு மணி நேரம் இடைவிடாமல் ஓட்டுங்கள். ஒலியில் "டிக்" என்று வெட்டு விழுகிறதா என்று கேளுங்கள்; வெயிலில், கணினி சூடேறிய பிறகு கேளுங்கள்.

5. மாதச் சந்தாவா, ஒரேயடியாக வாங்குவதா என்று பாருங்கள். நோம்பி சீசனில் மட்டும் மேடை ஏறும் குழுவுக்குச் சந்தா லாபம். வருடம் முழுக்கப் பதிவு செய்பவருக்கு நஷ்டம்.

6. உரிமத்தை இணையம் வழியாகச் சரிபார்க்கும் மென்பொருள்கள் உண்டு. சிக்னல் கிடைக்காத மலையடிவாரக் கோயில் மேடையில் போய் அதைத் திறந்தால் "உள்நுழையவும்" என்று நிற்கும். கிளம்புவதற்கு முன்பே வீட்டில் திறந்து, இணையத்தைத் துண்டித்துவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.